பிள்ளைக்கு அகல ரயர் சைக்கிள்: 27.5 × 2.1ஆ, 29 × 2.4ஆ?

இரணைமடுப் பக்கம்
மகளுக்கு 14 வயசு. உயரம் 156 செ.மீ., நிறை 44 கிலோ, கவட்டிலயிருந்து நிலம் மட்டும் 72 செ.மீ. இப்ப ஓடுறது 26 இன்ச் சில்லு, 1.75 இன்ச் அகல ரயர், 14 இன்ச் பிறேம். சீற் கம்பியைக் கடைசிக் கோடு மட்டும் உயர்த்தியாச்சு. கிழமை நாளில பள்ளிக்கூடம், போக வர 6 கி.மீ. கார்பெற் றோட்டு. சனி ஞாயிறில வாய்க்கால் கரை, குளக்கட்டு, காட்டுப் பாதை. முந்தி மெதுவாப் போன பிள்ளை இப்ப நல்ல வேகமா வளைக்குது. கிரவல் வளைவில முன்சில்லு வெளிய இழுக்குது.

கடையில ரெண்டு நிக்குது. ஒண்டு 29 இன்ச், 2.4 ரயர், 17 இன்ச் பிறேம். மற்றது 27.5 இன்ச், 2.1 ரயர், 15.5 இன்ச் பிறேம். விலை கிட்டத்தட்ட ஒண்டுதான். எதை எடுக்கிறது?

மாங்குளம் சந்தி
29ஐ எடுங்கோ அண்ணை, யோசிக்காதேங்கோ. பெரிய சில்லு கிடங்குக்க விழாது, மேலால உருண்டு போகும். 2.4 எண்டால் கிரவல்ல நல்லாப் பிடிக்கும். பிள்ளை இன்னும் வளரும், ரெண்டு வருசத்தில 165 வந்திடும். இப்ப சின்னதை எடுத்தால் பிறகு திரும்பவும் காசு.

துணுக்காய் அக்கா
தம்பி சொன்னதில பாதி சரி. பெரிய சில்லு கிடங்கில லேசா உருளும் எண்டது உண்மை. ஆனா "வளருவாள்தானே" எண்டு பிறேம் எடுக்கிறதுதான் இந்த விசயத்தில ஆக மோசமான யோசனை. சட்டைக்கு அது சரிவரும், சைக்கிளுக்குச் சரிவராது.

அளவைப் பாப்பம். கால் அளவு 72 செ.மீ. அதை 0.226ஆல பெருக்கினால் 16.3 வரும். மவுண்டன் சைக்கிள் பிறேம் இன்ச்சில வாறது அதுதான். 15.5, 16 இந்தப் பிள்ளைக்குச் சரி. 17 எடுத்தால் என்ன நடக்கும்? சீற்றைப் பதிச்சுப்போட்டு ஓடலாம்தான். ஆனா சீற்றுக்கும் ஹான்டிலுக்கும் இடையில உள்ள தூரத்தை அவ்வளவாக் குறைக்க ஏலாது. பிள்ளை கையை விறைக்க நீட்டிக்கொண்டு ஓடும். முழங்கை மடியாட்டில் வளைவில சைக்கிளைச் சரிக்க ஏலாது. பயத்தில உடம்பு பின்னுக்குப் போகும், முன்சில்லில பாரம் குறையும், முன்சில்லு வழுக்கும். நீங்கள் எந்தக் குறையைத் தீர்க்கப் புதுச் சைக்கிள் தேடுறியளோ, அதையே காசு குடுத்து வாங்கின மாதிரி.

"ஸ்டெம்மைக் கட்டையா மாத்தலாம்" எண்டு கடையில சொல்லுவினம், ஹான்டிலைப் பிடிச்சு வச்சிருக்கிற முன் துண்டுதான் ஸ்டெம். 80 மி.மீ. இருந்து 60க்கு மாத்தினால் 20 மி.மீ. கிடைக்கும், ஓரளவு உதவும். ஆனா நடுக் குழாயின்ர உயரம் மாறாது. பிள்ளையைச் செருப்பில்லாமல் நடுக் குழாய்க்கு ரெண்டு பக்கமும் கால் வச்சு நிக்கச் சொல்லுங்கோ. கவட்டுக்கும் குழாய்க்கும் இடையில 5 செ.மீ. ஆவது வேணும். காட்டுப் பாதையில திடீரெண்டு குதிச்சு இறங்கேக்க அந்த 5 செ.மீ. தான் காப்பாத்தும்.

மற்றது, வளர்றதுக்கு இடம் 15.5லயும் இருக்கு. சீற் கம்பி 350 மி.மீ. நீளம் எண்டால் இன்னும் 8, 10 செ.மீ. உயர்த்தலாம். ஸ்டெம்மை 60இல இருந்து 80க்கு நீட்டலாம். சின்னனைப் பெருப்பிக்க வழி இருக்கு, பெரிசைச் சின்னனாக்க வழி இல்லை.

மாங்குளம் சந்தி
சரி அக்கா, பிறேம் விசயம் ஒத்துக்கொள்ளுறன். ஆனா ரயர்? 2.4 பிடிக்குமோ, 2.1 பிடிக்குமோ? அதில மாத்துக் கதை இல்லையே.

ரயர்க்கடைத் தம்பி
இருக்கு. ரயரைத் தனிய வச்சுக் கதைக்க ஏலாது, றிம்மையும் சேர்த்துத்தான் பாக்க வேணும்.

றிம்மின்ர உள் அகலத்தை அளவுங்கோ: ரயர் விளிம்பு ரெண்டும் இருக்கிற இடங்களுக்கு இடையில உள்ள தூரம். மலிவுச் சைக்கிளில அது 19 மி.மீ. தான். 19க்கு 1.75 தொடக்கம் 2.2 மட்டும் அழகா இருக்கும். 25 மி.மீ. எண்டால் 2.1 தொடக்கம் 2.4. 30 எண்டால் 2.35, 2.6. கடைக்காரன் 19 றிம்மில 2.4 ஏத்திக் காட்சிக்கு நிப்பாட்டியிருப்பான், பாக்க வடிவா இருக்கும். காத்தைக் குறைச்சு வளைவில சரிச்சால் ரயர் பக்கவாட்டில மடியும், பின்பக்கம் பாம்பு மாதிரி நெளியும். அப்பிடி நெளியாமல் இருக்கக் காத்தைக் கூட்ட வேணும். காத்தைக் கூட்டினால் அகல ரயர் போட்டதால ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொண்டு. குறைஞ்ச காத்தில பிறேக் அடிக்க அடிக்க ரயர் றிம்மில மெல்ல மெல்லச் சுத்தும். ரியூப் வால்வு றிம் ஓட்டைக்குள்ள சரிஞ்சு நிக்கும். சரிஞ்ச வால்வைக் கண்டால் உடனே காத்தை முழுக்க விட்டு நேராக்க வேணும், இல்லாட்டில் வால்வின்ர அடி கிழியும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட ஏலாது.

ரயர் வாங்கப் போகேக்க இன்ச்சை மட்டும் நம்பாதேங்கோ. ரயர்ப் பக்கத்தில 54-584 மாதிரி ஒரு இலக்கம் அடிச்சிருக்கும். முன் இலக்கம் அகலம், பின் இலக்கம் றிம் குந்துற விட்டம், ரெண்டும் மி.மீ. மவுண்டன் 26 எண்டால் 559, 27.5 எண்டால் 584, 29 எண்டால் 622. லேடீஸ் சைக்கிளில வாற 26 × 1⅜ எண்டது 590. ரெண்டிலயும் "26" எண்டுதான் போட்டிருக்கும், ஆனா ஒண்டு மற்றதில ஏறாது. பழைய 28 × 1½ எண்டது 635. இலக்கத்தைப் போன்ல படம் எடுத்துக்கொண்டு போனால் பிழைக்காது.

இரணைமடுப் பக்கம்
நல்ல தகவல். கடையில அளந்து பாத்தன்: 29இன்ர றிம் உள் அகலம் 21, 27.5இன்ர 20. அப்ப 2.4 சரிவராது போல. 2.25 போடலாமோ?

துணுக்காய் அக்கா
போடலாம். முன்னுக்கு 2.25, பின்னுக்கு 2.1. முன்சில்லுதான் வழியைப் பிடிக்கிறது, அது வழுக்கினால் விழுந்திட்டம். பின்சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம். பின்னுக்குக் குறுகலா இருந்தால் பெடல் பண்ணவும் லேசு, பள்ளிக்கூடத்துக் கார்பெற் றோட்டுக்கும் நல்லது.

ஆனா போட முதல் இடைவெளியைப் பாக்க வேணும். ரயருக்கும் பிறேமுக்கும், ரயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சில்லைப் பிடிக்கிற கவை) இடையில, பக்கத்திலயும் மேலயும், குறைஞ்சது 6 மி.மீ. அது காஞ்ச காலத்துக்கு. 6 மி.மீ. அலன் சாவி ஒண்டை இடையில விட்டுச் சில்லை ஒருக்காச் சுத்திப் பாருங்கோ; எங்கையாவது முட்டினால் அந்த அகலம் அந்தப் பிறேமுக்கு இல்லை. மாரிக்கு 10 மி.மீ. இருந்தால்தான் நிம்மதி.

மாரியில அகல ரயர் என்ன பாடு படுத்தும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஐப்பசியில மழை தொடங்கினால் வயல் வரம்புக் களி ரயரில அப்பும். அகலம் கூடக் கூட அப்புற களியும் கூடும், இடைவெளி குறையும். ரெண்டும் சேர்ந்தால் சில்லு பூட்டின மாதிரி நிண்டிடும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணில 2.4 போட்ட சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேணும். எங்கட பக்கத்துச் செம்மண் அவ்வளவு இல்லை, ஆனா வாய்க்கால் கரை அதே சேறுதான். வருசத்தில நாலு மாசம் இப்பிடி எண்டால் அந்த நாலு மாசத்தையும் நினைச்சுத்தான் ரயர் எடுக்க வேணும்.

ரயரில உள்ள குமிழின்ர வடிவமும் முக்கியம். நடுவில குட்டையா நெருக்கமா, ஓரத்தில உயரமா இடைவெளி விட்டு நிக்கிற ரயரை எடுங்கோ. நடுக் குமிழ் கார்பெற் றோட்டில உருளும். சரிக்கேக்க ஓரக் குமிழ்தான் கிரவலைக் கொத்திப் பிடிக்கும். ஓரக் குமிழ் தேஞ்ச 2.4ஐ விட ஓரக் குமிழ் புதுசா உள்ள 2.1 நல்லாப் பிடிக்கும்.

முல்லைக்கரை
கடற்கரை மணலுக்கு?

ரயர்க்கடைத் தம்பி
மணலுக்கு 2.25உம் ஒண்டுதான், 2.4உம் ஒண்டுதான் அண்ணை, ரெண்டும் புதையும். அதுக்கு 4 இன்ச் ரயர் போட்ட சைக்கிள் வேற இருக்கு. ஈர மணலில, அலை அடிச்சு இறுகின இடத்தில காத்து 18 psi வச்சு ஓடலாம். வீட்டுக்கு வந்ததும் கழுவ வேணும், உப்பு செயினை ரெண்டு நாளில தின்னும்.

பரந்தன் 35
எல்லாரும் அகலத்தைக் கதைக்கிறியள், காத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. இப்ப இருக்கிற 1.75இல எத்தினை psi அடிச்சிருக்கிறியள்?

இரணைமடுப் பக்கம்
சந்தியில கொம்பிறசரில அடிக்கிறது. விரலால அமத்திப் பாத்தால் கல்லு மாதிரி.

பரந்தன் 35
அப்ப முன்சில்லு இழுக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். கல்லு மாதிரி எண்டால் 55, 60 இருக்கும். 44 கிலோப் பிள்ளைக்கு அந்தக் காத்தில ரயர் நிலத்தில படியவே படியாது. கிரவல் துண்டுகளுக்கு மேலால துள்ளித் துள்ளிப் போகும், துள்ளுற நேரம் பிடி இல்லை.

அவளின்ர நிறைக்கு ரியூப் போட்ட ரயரில தொடங்க வேண்டிய அளவு:
2.25 முன்சில்லு 22 தொடக்கம் 24 psi.
2.1 பின்சில்லு 25 தொடக்கம் 27.
இப்ப உள்ள 1.75க்கு முன் 30, பின் 34.

அதிலயிருந்து ரெண்டு ரெண்டாக் கூட்டிக் குறைச்சுப் பாருங்கோ. கல்லில ஏறேக்க றிம்மில "டக்" எண்டு சத்தம் கேட்டால் 2 கூட்ட வேணும். அதைக் கவனிக்காமல் ஓடினால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில நசியும். நசிஞ்ச ரியூப்பில ரெண்டு ஓட்டை பக்கத்தில பக்கத்தில இருக்கும், பாம்பு கொத்தின மாதிரி. ஒரு ஓட்டை எண்டால் முள்ளு, ரெட்டை எண்டால் காத்துக் காணாது. ஒட்டுப் போடேக்க இதைப் பாத்தாலே காரணம் தெரியும்.

பள்ளிக்கூடம் போற நாளில ரெண்டு சில்லுக்கும் 30, 32 வச்சால் கார்பெற் றோட்டில நல்லா உருளும். வெள்ளி பின்னேரம் இறக்கினால் சரி. வெயிலையும் கணக்கில எடுங்கோ: காலமை நிழலில 25 வச்ச ரயர் மத்தியானம் வெயிலில நிண்டால் 28 காட்டும். அதைப் பாத்துக் காத்தை விட்டிட்டால் பின்னேரம் குறைஞ்சு போகும். குளிரா இருக்கேக்க அளவுங்கோ.

கொம்பிறசரை விட்டிடுங்கோ. லொறிக்கு அடிக்கிற குழாயில சைக்கிள் ரியூப் ரெண்டு செக்கனில 60ஐத் தாண்டும், ரயர் விளிம்பு றிம்மை விட்டு எழும்பி வெடிக்கும். மீற்றர் வச்ச கால் பம்ப் ஒண்டு வாங்குங்கோ. மீற்றரில 0 தொடக்கம் 160 மட்டும் இருந்தால் 25இல ஊசி சரியாக் காட்டாது, 60 மட்டும் உள்ளதைத் தேடுங்கோ.

இப்ப இருக்கிற சைக்கிளில முதல் காத்தைச் சரியாக்கி ஓட விடுங்கோ. அதுக்குப் பிறகும் இழுத்தால் புதுசு எடுக்கலாம்.

மாங்குளம் சந்தி
அது நல்ல கதை. ஆனா சீற் கம்பி கடைசிக் கோட்டில நிக்குது எண்டாரே. காத்துச் சரியானாலும் அந்தப் பிறேம் முடிஞ்சுது. அந்தக் கோட்டுக்கு மேல உயர்த்தினால் பிறேம் குழாய் வெடிக்கும்.

துணுக்காய் அக்கா
அது உண்மை, பிறேம் மாத்தத்தான் வேணும். ஆனா பரந்தன் சொன்னதைச் செய்து பாத்தால் எந்த அகலம் வேணும் எண்டு பிள்ளையே சொல்லும்.

இரணைமடுப் பக்கம்
அடுத்த கேள்வி. ரெண்டுக்கும் முன்னுக்குச் சொக் (அதிர்வு தாங்கிற ஃபோர்க்) இருக்கு, 100 மி.மீ. அமரும் எண்டு போட்டிருக்கு. சொக் இல்லாத, நேர் ஃபோர்க் போட்ட 27.5 ஒண்டும் இருக்கு, விலை குறைவு. பிள்ளை சொக் வேணும் எண்டு நிக்குது.

ரயர்க்கடைத் தம்பி
பிள்ளை நிக்கும்தான், பாக்க மோட்டர்சைக்கிள் மாதிரி இருக்கும். ஆனா அந்த விலைச் சொக்குக்குள்ள ஒரு சுருள் கம்பியும் கொஞ்சக் கிறீசும் மட்டும்தான். திரும்பி எழும்புற வேகத்தைக் கட்டுப்படுத்த எண்ணெய் இல்லை. அமந்தது அமந்த வேகத்திலயே துள்ளும். நிறை 2.3 தொடக்கம் 2.8 கிலோ வரும், நேர் ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம். அந்தச் சுருள் கம்பி 70, 75 கிலோ ஆளுக்கு எண்டு போட்டது. 44 கிலோப் பிள்ளை ஏறினால் அது அசையாது.

கடையிலயே சோதிக்கலாம். சொக்கின்ர மினுங்குற குழாயில ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு அடிச் சீலில முட்ட வையுங்கோ. பிள்ளையை மெல்ல ஏறி, ஓடுற மாதிரி இருக்கச் சொல்லி, மெல்ல இறங்கச் சொல்லுங்கோ. வளையம் 20, 25 மி.மீ. நகர்ந்திருக்க வேணும். 5 மி.மீ. மட்டும் நகர்ந்தால் அது சொக் இல்லை, பாரம். மேல உள்ள திருகியைச் சுத்தினால் இளகும் எண்டு சொல்லுவினம், அது கம்பியை முன்கூட்டி அமத்துறது மட்டும்தான்.

நேர் ஃபோர்க்கும் 2.25 ரயரும் 23 psi காத்தும் சேர்ந்தால் கிரவல் அதிர்வுக்குக் காணும். மிச்சக் காசை சில்லில போடுங்கோ.

மாங்குளம் சந்தி
சில்லில எண்டால் எதில?

ரயர்க்கடைத் தம்பி
பின் ஹப்பில, அதாவது சில்லின்ர நடுக் குடத்தில. 7 கியர் மலிவுச் சைக்கிளில பல்லுத் தொகுதி ஹப்பில திருகிப் போட்டிருக்கும், ஃபிறீவீல் எண்டு சொல்லுறது. வலப்பக்கப் போல்ஸ் (உருளுற இரும்புக் குண்டுகள்) அந்தத் தொகுதிக்கு உள்பக்கமாத் தள்ளி இருக்கிறதால அக்சிலின்ர நுனிக்குத் தாங்குதல் இல்லை. குளக்கட்டிலயிருந்து ரெண்டு தரம் குதிச்சு இறங்கினால் அக்சில் வளையும், பிறகு உடையும். 8 கியர் கசெற் ஹப்பில (பல்லுத் தொகுதியைத் திருகாமல் செருகிற வகை) போல்ஸ் நுனியில இருக்கும், அந்தக் கரைச்சல் இல்லை. வேகமா ஓடப்போற பிள்ளைக்குச் சொக்கை விட இது முக்கியம்.

முன்னுக்கு மூண்டு பல்லுச் சக்கரமும் வேண்டாம். வன்னியில ஏத்தம் எங்க இருக்கு? முன்னுக்கு 34 பல்லு ஒண்டு, பின்னுக்கு 11 தொடக்கம் 34. 27.5 சில்லில 34க்கு 11 போட்டு நிமிசத்துக்கு 80 தரம் மிதிச்சால் மணிக்கு 32 கி.மீ. வரும். குளக்கட்டு ஏற 34க்கு 34 காணும். சோளகக் காத்து முகத்தில அடிக்கிற நாளில நடுவில ரெண்டு பல்லு மாத்தினால் சரி.

முல்லைக்கரை
பிறேக் டிஸ்க்கோ, றிம்மோ?

பரந்தன் 35
டிஸ்க். கம்பியால இழுக்கிற டிஸ்க் காணும், 160 மி.மீ. தட்டு. றிம் பிறேக்கில செம்மண் சேறு ரப்பருக்கும் றிம்முக்கும் இடையில அரைச்சு ரெண்டையும் தேய்க்கும். அதோட றிம் கோணினால் பிறேக் முட்டும், டிஸ்க்கில அந்தப் பிரச்சினை இல்லை.

டிஸ்க்குக்கு எதிரி எண்ணெய். செயினுக்கு ஸ்பிறே அடிக்கேக்க பின் தட்டில ஒரு துளி பட்டாலும் பிறேக் கீச்சிடும், பிடிக்காது. சொட்டுச் சொட்டா விட்டு, மிச்சத்தைத் துணியால துடையுங்கோ. பழைய எஞ்சின் ஒயில் விடுற பழக்கத்தையும் நிப்பாட்டுங்கோ. அது கோடைப் புழுதியைக் கட்டி இழுத்து அரப்பொடி மாதிரி ஆக்கும். புதுப் பிறேக் கட்டை எண்டால் வெறும் றோட்டில 20 கி.மீ. வேகத்திலயிருந்து ஒரு இருபது தரம் மெல்ல மெல்லப் பிடிச்சுப் பழக்க வேணும், அதுக்குப் பிறகுதான் முழுப் பிடி வரும்.

லீவரும் பாருங்கோ. பிள்ளையின்ர கை சின்னன். லீவரில ஒரு குட்டித் திருகி இருக்கும், அதை உள்ள சுத்தினால் லீவர் ஹான்டிலுக்குக் கிட்ட வரும். ஆள்காட்டி விரலின்ர முதல் மடிப்பு லீவரில படிய வேணும். நுனி மட்டும் பட்டால் பிடிக்கப் பலம் வராது.

துணுக்காய் அக்கா
முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுறன், அது வன்னியில தினப்பாடு. நெருஞ்சி குறுகல் ரயரிலயும் ஏறும், அகல ரயரிலயும் ஏறும். விடத்தல் முள்ளுக்கு ரயர்த் தடிப்பு ஒரு பொருட்டில்லை. பழைய ரியூப்பை நீளப்பாட்டில வெட்டி ரயருக்குள்ள விரிக்கிற வழக்கம் இருக்கு, நெருஞ்சிக்கு அது நல்லாத்தான் கேக்கும். ஆனா வெட்டின விளிம்பு கூரா இருந்தால் உள் ரியூப்பை அரைச்சு ஓட்டை போடும். விளிம்பை உப்புத் தாளால தேய்ச்சு மெலிசாக்கிப்போட்டு, ரியூப்புக்குக் குட்டிக்கூரா மா பூசி ஏத்துங்கோ.

வால்வின்ர ஊசியைக் கழட்டக்கூடிய ரியூப் எண்டால் ஓட்டையைத் தானா அடைக்கிற ஒட்டுப் பால் 60 மி.லீ. விடலாம். எங்கட வெக்கைக்கு ரெண்டு, மூண்டு மாசத்தில காஞ்சிடும், பிறகு திரும்ப விட வேணும்.

அதோட ஒண்டு: ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் எண்டால் பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு காட்டுப் பாதையில பிள்ளையை விடாதேங்கோ. யானைக்கு 29உம் 27.5உம் ஒண்டுதான்.

இரணைமடுப் பக்கம்
எல்லாருக்கும் நன்றி. 27.5, 15.5 பிறேம், நேர் ஃபோர்க், 8 கியர் எண்டு முடிவு. முன் ரயரை மட்டும் 2.25க்கு மாத்தித் தாறன் எண்டு கடையில சொல்லுகினம். ஆனா சந்தியில 27.5 ரியூப் இல்லை, 26தான் இருக்கு. என்ன செய்யிறது?

ரயர்க்கடைத் தம்பி
வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆரும் போகேக்க ரெண்டு ரியூப் சொல்லிவிடுங்கோ, 27.5 × 1.9–2.3, மோட்டர்சைக்கிள் மாதிரித் தடிச்ச வால்வு. றிம் ஓட்டை 8.5 மி.மீ. இருந்தால் அதுதான். அவசரத்துக்கு 26 ரியூப் 27.5 ரயருக்குள்ள ஏறும், கொஞ்சம் இழுபடும். ஒட்டு விலகச் சந்தர்ப்பம் இருக்கிறதால ஒட்டுப் போட்ட 26ஐப் போடாதேங்கோ, ஒட்டில்லாததைப் போடுங்கோ.

எடுத்து 50 கி.மீ. ஓடினாப் பிறகு திரும்பக் கொண்டு போய் ஸ்போக் கம்பியை இறுக்கச் சொல்லுங்கோ, புதுச் சில்லு கட்டாயம் இளகும். பெடல் கையைப் பிடிக்கிற 8 மி.மீ. அலன் ஆணியையும் அப்ப பாக்க வேணும். அது இளகின படி ஓடினால் பெடல் கையின்ர சதுர ஓட்டை உருண்டையாகும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. இடப் பெடல் மட்டும் எதிர்ப் பக்கம் திருக வேணும், மறந்து பலமாத் திருகிப் போடாதேங்கோ.

இரணைமடுப் பக்கம்
பழைய 26ஐ என்ன விலைக்குக் குடுக்கலாம்?

மாங்குளம் சந்தி
செயினை அளந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ அண்ணை. இரும்பு அடிமட்டத்தை ஒரு ஆணியில வச்சு 24 ஆணி தள்ளி எண்ணுங்கோ. 12 இன்ச்சில சரியா நிண்டால் புதுசு. ஒரு இன்ச்சில பதினாறில ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாத்திக் குடுக்கலாம். எட்டில ஒரு பங்கு எண்டால் பின் பல்லும் போச்சு, அதுக்கேத்த மாதிரி விலையைக் குறைக்கத்தான் வேணும். 140 செ.மீ. உயரத்தில ஒரு பிள்ளை எங்கட பக்கம் நிக்குது, தனிமடலில சொல்லுங்கோ.